அவரோட பேரனா? அப்ப சரிதான்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவோடு அவள் மகன் படிக்கும் பள்ளிக்குப் போயிருந்தேன். மச்சான் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வார நாளில் வர முடியாது. தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்பாசிரியையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பையன் அப்போது இரண்டாம் ஆண்டு. மலாக்கா மாநிலத்தில் ஒரு சின்னப் பட்டணம், ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் எதற்கு? இதை வாசிக்கும் பாதிப் பேருக்கு உங்கள் ஊர்ப் பள்ளி ஞாபகம்தான் வரும்.

டீச்சர் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கிறான்மா. எழுத ஆரம்பிச்சா பாதியில எந்திரிச்சுப் போயிடுறான். கேள்விய முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்றான், அதுவும் வேற கேள்விக்கு. இந்த மாசம் மூணாவது பென்சில் பெட்டி தொலைஞ்சிருக்கு." அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. டீச்சருக்கு ஏதோ நினைவு வந்தது. "உங்கப்பா பேரு என்ன சொன்னீங்க?" அக்கா சொன்னாள். டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. ஜாசின் பக்கம் அப்பா வளர்ந்த அதே தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். தோட்டப் பள்ளியில் அப்பாவுக்கு ஒரு வகுப்பு கீழே.

"அட, அவரோட பேரனா? அப்ப சரிதான்!"

நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. காரில் ஏறிய பிறகு அக்கா கேட்டாள்: "அப்ப என் வழியாத்தான் வந்துச்சா தம்பி?"

அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர். என் சண்டை அவரோடு அல்ல, அந்த 'அப்ப சரிதான்' என்ற முற்றுப்புள்ளியோடு. அதை அவர் மட்டும் வைப்பதில்லை, நம்மில் எல்லாரும் வைக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். டீச்சர் சொன்னதில் பாதி உண்மை. மருத்துவமனையில் பிறகு பையனுக்கு உறுதி செய்யப்பட்டது ஏடிஎச்டி. தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்கிறார்கள். அது பெருமளவு மரபுவழி வருவதுதான். இரட்டையரை வைத்து இதைக் கண்டறிந்தார்கள். ஒரே கரு பிரிந்து உருவான இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. இரு கருவில் உருவான இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று வளர்கிறார்கள். ஆனால் ஏடிஎச்டி விஷயத்தில் முதல் வகையினரிடம் ஒற்றுமை மிகவும் கூடுதல். அந்தக் கூடுதலை வைத்துத்தான் மரபணுவின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். இப்படிப்பட்ட 37 ஆய்வுகளைத் தொகுத்து, ஸ்டீபன் ஃபரோனும் ஹென்ரிக் லார்சனும் 2019இல் சொன்ன சராசரி 74 விழுக்காடு. மனிதரின் உயரத்துக்குச் சொல்லப்படும் எண்ணைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இந்த எண்ணை நான் அக்காவிடம் சொன்னது அவளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்குவதற்காக. ஏனென்றால் அதுவரை அவளிடம் சொல்லப்பட்ட காரணங்களுக்குக் கணக்கில்லை. சீனி அதிகம் கொடுத்தாயாம். சீனிக்கும் பிள்ளைகளின் சேட்டைக்கும் தொடர்பில்லை என்று பல சோதனைகளைத் தொகுத்து 1995லேயே காட்டிவிட்டார்கள். கைப்பேசி கொடுத்தாயாம். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரைகள் நிகழ்த்தியது 1902இல். அன்று எந்த வீட்டில் கைப்பேசி இருந்தது? ஜாதகத்தில் ராகு சரியில்லையாம். புருசன் பக்கத்தில் இல்லாததால் பையன் அடங்கவில்லையாம். இத்தனைக்கும் நடுவில் மரபணு மட்டும்தான் அக்காவைப் பார்த்து "நீ செய்த தப்பு இல்லை" என்றது. "என் வழியாத்தான் வந்துச்சா?" என்ற கேள்விக்கு, வந்திருக்கலாம் என்பதுதான் பதில். அப்பாவின் மூக்கும் அவள் வழியாகத்தான் பையனுக்கு வந்தது. மூக்குக்காக யாரும் அவளைப் பள்ளிக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை.

ஆனால் 74 என்றதும் நம் ஆட்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது." இங்கேதான் பாதி உண்மை முழுப் பொய்யாக மாறுகிறது.

நான் பத்து பெரண்டாமில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். டுரியான் துங்கலில் படித்து வாங்கிய பட்டத்துக்கு அங்கே அன்றாடம் வேலை இருக்கிறது: சில்லுக்குச் சில்லு ஏன் வேறுபடுகிறது என்று பிரித்துப் பார்ப்பது. பழுது மூலப்பொருளிலா, இயந்திரத்திலா? எல்லாச் சில்லும் ஒரே அடுப்பில் வெந்து வந்தால், அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டில் அடுப்பின் பங்கு பூஜ்யம் என்றுதான் கணக்கு வரும். அதனால் அடுப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? எல்லாவற்றையும் அது ஒரே மாதிரி கருக்கியிருக்கலாம். கணக்கில் தெரியாது, அடுப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

74 விழுக்காடும் அப்படிப்பட்ட எண்தான். ஒரு மக்கள் கூட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் மரபணு வேறுபாட்டின் பங்கு அது. என் அக்கா மகனை எடுத்து, இவன் சேட்டையில் 74 பங்கு தாத்தா, 26 பங்கு வளர்ப்பு என்று கூறுபோட முடியாது. அதோடு, எந்தக் கூட்டத்தில் அளந்த எண் இது? பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பிள்ளைகளிடம். முதுகில் மருந்து டாங்கியோடு செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்த பெண்களின் பிள்ளைகள் அந்த 74இல் இல்லை. குறைமாதத்தில் பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் ஏடிஎச்டி வாய்ப்பைக் கூட்டுகின்றன. அமெரிக்காவில் 1,139 பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து 2010இல் வெளிவந்த ஆய்வு, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தின் தடயம் கூடுதலாக இருந்தவர்களிடம் ஏடிஎச்டியும் கூடுதலாக இருப்பதைக் கண்டது. தொடர்பு என்றுதான் அது சொன்னது, காரணம் என்று சாதிக்கவில்லை. ஆனாலும் தோட்டத்து மண்ணிலிருந்து வந்தவன் அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது. மரபணுவின் பங்கு பெரிது என்பது நம் அடுப்புக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அல்ல.

சரி, அந்த மரபணுதான் எது? ஒரு காலத்தில் டோபமின் ஏற்பியை உருவாக்கும் டிஆர்டி4 போன்ற ஓரிரு மரபணுக்களைப் பிடித்துக்கொண்டு 'ஏடிஎச்டி மரபணு' என்று பத்திரிகைகள் கொண்டாடின. மரபணுத்தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகள் பெரிதாக வந்தபோது அந்தக் கதை நிற்கவில்லை. 2019இல் ஏடிஎச்டி உள்ள 20,183 பேரை வைத்துச் செய்த ஆய்வு 12 இடங்களைக் கண்டது. 2023இல் 38,691 பேரையும் ஏடிஎச்டி இல்லாத 186,843 பேரையும் ஒப்பிட்டபோது 27 இடங்கள் தெரிந்தன. இதில் பங்கு வகிக்கும் பொதுவான மரபு வேறுபாடுகள் மொத்தம் 7,000 போல இருக்கும் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. ஒவ்வொன்றும் செய்வது ஒரு துளி. எல்லாத் துளியையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், யாருக்கு ஏடிஎச்டி என்று அந்த மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இன்றைக்கும் அதற்கென்று ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது.

இந்த 7,000இல் ஒரு பெரும் பகுதி என்னிடம் இருக்கும். உங்களிடம் இருக்கும். டீச்சரிடமும் இருக்கும். சிலருக்குத் துளிகள் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்துவிடுகின்றன, அவ்வளவுதான். 'அவரோட பரம்பரை' என்று விரல் நீட்டிக் காட்டத் தனியாக ஒரு கெட்ட இரத்தம் எங்கும் ஓடவில்லை.

இரத்தத்தைக் காரணம் காட்டும் பழக்கம் இந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் நம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டது. பிறகு அவரே புக்கிட் அசஹானில் மிகப் பெரிய அளவில் நட்டார். அந்த ரப்பர் காலத்தில் துரைமார்கள் ஆட்களை இனவாரியாகத் தரம் பிரித்தார்கள். மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி ஆனால் தொல்லை, தமிழர் சொன்னதைக் கேட்டு அடங்கி நடப்பவர். இந்தப் பிரிவினை யாருக்குத் தேவைப்பட்டது என்பதை சைட் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதையைப் பற்றிய தம் நூலில் அம்பலப்படுத்தினார். அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன், 1970இல், மகாதீர் தம் மக்கள் பின்தங்கியதற்குப் பரம்பரையையும் சூழலையும் காரணம் காட்டி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். நமக்குத் துரைமார் கொடுத்த முத்திரை 'அடங்கி நடப்பவன்'. தமிழ்ப்பள்ளியில் அடங்காத பையனைப் பார்த்ததும் நமக்கு ஏன் இவ்வளவு பதற்றம் வருகிறது என்பதற்கு இதிலும் கொஞ்சம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த வரலாறு தெரிந்த இலக்கிய நண்பர்கள் மரபணு என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் அவர்களில் சிலர் அடுத்த முனைக்கு ஓடிவிடுகிறார்கள். ஆயர் குரோவில் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தபோது, சிறுகதை எழுதும் நண்பன் ஒருவன் சொன்னான்: "அதெல்லாம் மருந்து கம்பெனிக்காரன் உருவாக்குன நோய்டா. நம்ம பிள்ளைங்களுக்கு ஒரே நோய்தான், வறுமை."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டில் பேசியது 1902இல். அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி இத்தகைய பிள்ளைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்து, அவர்கள் அமைதியாகப் பாடம் செய்வதைப் பதிவு செய்தது 1937இல். இன்று பரவலாகத் தரப்படும் மெத்தில்பெனிடேட் முதன்முதலில் ஆய்வகத்தில் உருவானது 1944இல். அந்த மருந்து வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பிள்ளைகள் எழுத்தில் பதிவாகிவிட்டார்கள். மருந்து நிறுவனங்கள் இதை வைத்துக் கொழுத்தன என்பது உண்மை. அமெரிக்காவில் அளவுக்கு மீறி முத்திரை குத்துகிறார்கள் என்பதும் விவாதிக்க வேண்டிய விஷயம். அதற்காகப் பையனே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

வறுமை என்று சொல்வதில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. பணக்கார வீட்டிலும் ஏடிஎச்டி பிள்ளை பிறக்கிறது. அதற்குத் தனியார் நிபுணர், பயிற்சியாளர், பொறுமையான டியூஷன் டீச்சர். நம் தாமானில் பிறந்த பிள்ளைக்குக் கடைசி மேசை. 'அது நோயே இல்லை, சமூகப் பிரச்சனை' என்று நாம் புரட்சி பேசும்போது கடைசி மேசையில் இருப்பவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பேசியவருக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது.

நம் தோட்டக் கதைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வகுப்பில் அடங்காத பையன் வந்தால், அடுத்த பத்தியில் சம்சு குடித்த அப்பா வந்துவிடுவார். அதற்கடுத்த பத்தியில் அடி. பையன் ஏன் அப்படி இருக்கிறான் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். குடித்த அப்பாக்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த அப்பாவும் ஒரு காலத்தில் அடங்காத பையனாக இருந்திருப்பாரே, அவருக்கு என்ன நடந்தது என்று எத்தனை கதைகள் திரும்பிப் பார்த்தன? சன்னல் ஓரம் வாய் திறக்காமல் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்பிள்ளை கதைக்குள் வருவதே இல்லை. அவளுக்கும் ஏடிஎச்டி இருக்கலாம். மேசை மேல் ஏறாததால் டீச்சரும் கவனிப்பதில்லை, எழுத்தாளரும் கவனிப்பதில்லை.

என் பக்கத்து ஆட்களுக்கும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சேட்டை செய்யும் எல்லாப் பிள்ளையும் ஏடிஎச்டி அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கும் நம்மைப் போலப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் வகுப்பில் சேர்க்கிறார்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏடிஎச்டி என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 விழுக்காடு அதிகம். பெண்பிள்ளைகளுக்கு 70 விழுக்காடு. 2012இல் வந்த ஆய்வு இது. டிசம்பர் பிள்ளை வகுப்பிலேயே சின்னப் பிள்ளை. பதினோரு மாத வயது வித்தியாசத்தை நோய் என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால்தான் யாரும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டீச்சரும் கூடாது, மாமாவான நானும் கூடாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், வீடு ஒன்றில் மட்டும் அல்லாமல் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் விதி.

அந்த இரண்டாவது இடம் பள்ளிக்கூடம். அதனால் மருத்துவர் இரண்டு கேள்வித்தாள் கொடுத்தார். ஒன்று பெற்றோருக்கு, ஒன்று வகுப்பாசிரியருக்கு. அக்கா தன்னுடையதை அன்று இரவே நிரப்பிவிட்டாள். பள்ளிக்குப் போன தாள் திரும்பி வர பதினொரு வாரம் ஆனது. முதல் முறை தொலைந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை, "எதுக்கும்மா பிள்ளைக்கு இந்தப் பேரு? பின்னாடி கல்யாணம் காட்சின்னு வரும்ல" என்று அறிவுரை வந்தது. மூன்றாம் முறை நானே போய் அலுவலகத்தில் உட்கார்ந்து வாங்கி வந்தேன். அந்தப் பதினொரு வாரமும் பையன் கடைசி மேசையில் இருந்தான். எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி அமைச்சு 2019இல் கொள்கை கொண்டுவந்தது. உண்மைதான், யாரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே வைத்தே மறந்துவிட்டார்கள்.

மருத்துவமனைக்கு அப்பாதான் கார் ஓட்டி வந்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். வழக்கமான கேள்விதான். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "என்னை வாத்தியார் சன்னல் கம்பியில கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்காரு டாக்டர். ஆறாம் ஆண்டோட போதும்னு எங்கப்பா நிறுத்திட்டாரு." இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் நூறு தடவை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம், அவரும் சேர்ந்துதான். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. லாரி, காவல் வேலை, மீன் கடை, மறுபடியும் லாரி என்று எதிலும் மூன்று வருடம் நிலைக்காத மனிதர். திரும்பி வரும்போது ஒன்றுதான் கேட்டார்: "அப்பவே தெரிஞ்சிருந்தா என்னா செஞ்சிருப்பாங்க?"

இன்றைக்குச் செய்வதைத்தான் செய்திருப்பார்கள். முன் மேசையில் உட்கார வைப்பது. பத்துக் கணக்கை ஒரே தாளில் கொடுக்காமல் மூன்று மூன்றாகக் கொடுப்பது. புத்தகம் அடுக்க, சாவி வாங்கி வர என்று எழுந்து நடக்க ஒரு காரணம் கொடுப்பது. வீட்டில் பெற்றோருக்குப் பயிற்சி. தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரை. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து 1999இல் முடிவு வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கிடைத்த வழக்கமான சிகிச்சையைவிட, அளவாகக் கொடுத்து நெருக்கமாகக் கண்காணித்த மருந்து கூடுதல் பலன் தந்தது. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொரு குடும்பமும் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆனால் பேசவே இடம் கொடுக்காமல் 'அப்ப சரிதான்' என்று கதவைச் சாத்துவது முடிவு அல்ல.

கிட்டப்பார்வையும் குடும்பவழி வருவதுதான். அந்த டீச்சரும் கண்ணாடி போட்டிருந்தார். கரும்பலகை தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், "அவரோட பேரனா? அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் பாடத்தைத் தொடர்வாரா?

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், இன்னும் பலர் ஆசிரியராகப் பயிற்சி எடுப்பவர்கள். உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மரபணு படிக்க வேண்டாம், 74 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கவும் வேண்டாம். ஓர் அம்மா தயங்கித் தயங்கி அந்தக் கேள்வித்தாளை உங்கள் மேசையில் வைத்தால், அந்த வாரமே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அவளுடைய அப்பா பெயரைக் கேட்காதீர்கள்.